அருகிருப்பார்க்கு அருகிருப்பார் யார்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

எந்தத் தொழிலுக்கும் முதல் ஆண்டு என்று ஒன்று உண்டு. அதைக் கடந்து வந்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடக்க இயலாமல் விலகிப் போனவர்களோ நம்முன் வந்து பேசுவதே இல்லை. ஆகவே, படித்தவர் ஒருவர் பணியாளராக மாறும் அந்தப் பன்னிரண்டு மாதங்களில் என்ன நடக்கிறது என்பது வெளியுலகுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுப் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனை எடுத்த எடுப்பிலேயே பூட்டுச் செய்யச் சொல்ல மாட்டார்கள். அரத்தைக் கொடுத்து ராவச் சொல்வார்கள். பக்கத்தில் மூத்தவர் ஒருவர் இருப்பார். ராவியது கோணலானால் அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டு வேறு தகடு எடுத்துக்கொள்ளலாம். நாகல் நகர்த் தறிகளிலும் அப்படித்தான். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே கோணல் கூடாத தொழில் ஒன்று உண்டு. அறுந்தால் முடிச்சுப் போட முடியாத இழையைப் பிடித்திருக்கும் தொழில் அது. செவிலியர் தொழிலைத்தான் சொல்கிறேன்.

என் அக்கா அத்தொழிலில் சேர்ந்து இந்தப் பங்குனியோடு ஓராண்டு நிறைகிறது. அவளோடு ஒன்றாகப் படித்த தோழியர் மூவரும் அதே காலத்தில் பணியில் சேர்ந்தவர்கள். இம்மலருக்காக நால்வரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். "இந்த ஓராண்டு உங்களுக்கு எப்படிப் போனது?" அவர்கள் சொன்னவற்றையும், அவற்றையொட்டி நான் படித்தறிந்தவற்றையும் நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

சொல்லும் பொருளும்

'நர்ஸ்' என்று நாம் வழங்கும் சொல்லுக்குத் தமிழில் 'செவிலியர்' என்கிறோம். இது நேற்று உண்டாக்கிய சொல் அன்று. சங்க அக இலக்கியங்களில் தலைவியை ஈன்றவள் நற்றாய். எடுத்து வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி தன் காதலனோடு ஊரைவிட்டுச் சென்றபோது, பாலை வழியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தேடிப் போனவள் பெற்ற தாய் அல்லள், செவிலித்தாயே. தான் பெறாத பிள்ளைக்காக வெயிலில் நடப்பவள் என்ற பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வள்ளுவப் பெருந்தகையும் இவர்களை மறந்தாரல்லர். 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, இவற்றோடு நான்காவதாக உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து மருந்தைத் தவறாமல் கொடுத்துப் பார்த்துக்கொள்பவரே உழைச்செல்வான். மருத்துவர் வந்து போவார். மருந்து வாங்கி வரப்படும். பக்கத்திலேயே இருப்பவர் இவர் ஒருவர்தான். நான்கில் ஒரு கூறு இவர் என்று வைத்த வள்ளுவரின் நுட்பத்தை மருத்துவமனையில் ஓர் இரவு கழித்தவர்கள் அறிவர்.

நோயாளிக்கு அருகில் இருப்பவர் செவிலியர் என்றால், பணிக்கு வந்த முதல் ஆண்டில் அந்தச் செவிலியருக்கு அருகில் இருப்பவர் யார்? நால்வரும் சொன்னதைக் கேட்டபின் எனக்கு எழுந்த கேள்வி இதுதான். 

நாற்பத்திரண்டு சொட்டு

அக்கா பட்டயப் படிப்பு முடித்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். படிக்கும்போதே மூன்றாண்டும் வார்டுகளில் நின்றவள்தான். ஊசி போட்டிருக்கிறாள், காயம் கட்டியிருக்கிறாள். ஆனாலும் முதல் நாள் பணிக்குப் போய் வந்தவள் சொன்னாள்: "படிக்கிறப்ப நான் என்ன செஞ்சாலும் பின்னாடி ஒரு மேடம் இருந்தாங்க. இன்னைக்குத் திரும்பிப் பாக்கிறேன், யாரும் இல்லை. சார்ட்டுல கையெழுத்து என்னோடது."

குளுக்கோஸ் ஏற்றுவது நமக்கு எளிதாகத் தோன்றும். அவள் விளக்கினாள். 500 மில்லி பாட்டில் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருப்பார். குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. ஆக 10,000 சொட்டு, 240 நிமிடத்தில். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொட்டுகளை எண்ணித் திருகியைச் சரிசெய்ய வேண்டும். நோயாளி கையை மடக்கினால் கணக்கு மாறிவிடும். மறுபடியும் எண்ண வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு நீர் வேகமாக ஏறிவிட்டால் மூச்சுத் திணறல் வந்துவிடும். இது ஒரு கட்டிலுக்கு. மருந்து கொடுக்கையில் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பொது மருத்துவமனை வார்டுகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அக்கா நின்ற வார்டில் இரவில் இருபத்து நான்கு கட்டில்கள். செவிலியர் இருவர். ஒருவர் அக்கா, மற்றவர் இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள பெரிய சிஸ்டர். அந்த இரண்டாமவர் இருந்தது என் அக்காவின் நற்பேறு என்றே சொல்ல வேண்டும். ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

முதல் மரணம்

பேகம்பூர்த் தோல் பதனிடும் ஆலையில் காலமெல்லாம் உழைத்த பெரியவர் ஒருவர் நுரையீரல் நோயோடு வார்டில் சேர்ந்திருந்தார். அக்காவைச் 'சிஸ்டர்' என்று அழைக்க மாட்டாராம். 'பாப்பா' என்றுதான் அழைப்பாராம். "நீ குத்துனா வலிக்கல பாப்பா" என்பாராம். நான்காம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அவர் இறந்து போனார். மருத்துவர் வந்து பார்த்து உறுதி செய்துவிட்டுப் போனார். அதற்குப் பின் செய்ய வேண்டியவை செவிலியர் வேலை. குழாய்களை எடுக்க வேண்டும். கண்களை மூட வேண்டும். உடல் விறைக்குமுன் கை கால்களை நேராக வைத்துத் தாடையைக் கட்ட வேண்டும். உடம்பைத் துடைத்துச் சுத்தம் செய்து, வெளியே கதறிக்கொண்டிருக்கும் மனைவியையும் மகனையும் உள்ளே அழைக்க வேண்டும். இவற்றையெல்லாம் அக்கா பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். அன்று அவள் விரல்கள் முடிச்சுப் போட மறுத்தன.

பெரிய சிஸ்டர் மறுபக்கம் வந்து நின்று துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாராம். இருவருமாகச் சேர்ந்து முடித்தார்கள். பிறகு அவளை அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துச் சொன்னாராம்: "நர்ஸ் அழக்கூடாதுன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். அஞ்சு நிமிசம் அழுதுக்க. அதுவரைக்கும் உன் பெட்டெல்லாம் நான் பாத்துக்கிறேன். ஆறு மணிக்கு எட்டாம் பெட்டுக்கு ஊசி இருக்கு. அதை நீதான் போடணும்."

ஆறு மணி ஊசியை அவளே போட்டாள். "அந்த ஊசியைப் பெரிய சிஸ்டரே போட்டிருந்தா நான் மறுநாள் போயிருக்க மாட்டேன்" என்கிறாள் அக்கா. அழ இடம் கொடுத்ததும் அன்பு. வேலையைத் திருப்பிக் கொடுத்ததும் அன்பு. பாடநூல் எழுதாத பாடம் அது.

இரவில் ஒருத்தி

தோழியரில் ஒருவர் வேடசந்தூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதியத்தில் பணியாற்றுகிறார். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறை வைத்துக்கொண்டு இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. கிராமத்து ஏழைத் தாய்மார்களுக்கு இது எத்துணைப் பெரிய வாய்ப்பு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் முறை வைத்துக்கொள்வது என்றால் இரவில் இருப்பவர் ஒருவரே.

அவர் சேர்ந்த இரண்டாம் மாதம், இரவு ஒன்றரை மணிக்கு நூற்பாலைத் தொழிலாளியான இளம் பெண் ஒருத்தியை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். தலைப்பிரசவம். 108 வண்டியை அழைத்துத் திண்டுக்கல்லுக்கு அனுப்ப நேரமில்லை, வழியிலேயே பிறந்துவிடும். மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னார். "ஆரம்பியுங்கள், வந்துகொண்டே இருக்கிறேன்" என்றார் அவர். அடுத்து, பகல் முறை முடித்து வீட்டுக்குப் போயிருந்த மூத்த செவிலியரை அழைத்து, கைபேசியை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார்.

குழந்தை பிறந்தது, அழவில்லை. முதல் ஒரு நிமிடத்தைத் 'தங்க நிமிடம்' என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உலர்ந்த துணியால் துடைத்து, வாயைச் சுத்தம் செய்து, முதுகைத் தேய்த்தார். குழந்தை வீறிட்டது. கைபேசியிலிருந்து குரல் வந்ததாம்: "சத்தம் கேட்டுச்சு, சந்தோசம். அம்மாவுக்கு ஊசி போட்டியா?" பிரசவம் ஆன ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட வேண்டும். அது கருப்பையைச் சுருங்க வைத்து உதிரப்போக்கைத் தடுக்கும். "போட்டாச்சு அக்கா." "நஞ்சு முழுசா வந்ததா பாரு. வயித்தைத் தொட்டுப் பாரு. கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியா இருக்கா?" "இருக்கு அக்கா." "அப்ப பயப்படாத. கால் மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டே இரு."

மருத்துவர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னாலேயே, கணவரின் இருசக்கர வண்டியில் அந்த மூத்த செவிலியரும் வந்து இறங்கினாராம், வீட்டு உடையின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு. அது அவருடைய பணி நேரம் அன்று. வரச் சொல்லி எந்த ஆணையும் இல்லை.

வெயிலில் ஒருத்தி

இன்னொருவர் நிலக்கோட்டைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. கருவுற்ற பெண்களைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, சத்து மாத்திரை கொடுப்பது, வீடு வீடாகச் சென்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

முதல் மாதம் ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருத்தி அவரை நிறுத்திக் கேட்டாளாம்: "உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா தாயி?" "இல்ல பாட்டி." "பிள்ளை பெத்திருக்கியா?" "இல்ல பாட்டி." "ஏழு பெத்தவ நான். பெக்காதவ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியாக்கும்!" தெருவே சிரித்ததாம். எந்த நர்சிங் பள்ளியில் இதற்கு விடை சொல்லிக் கொடுப்பார்கள்?

அந்தப் பாட்டியின் பேத்திக்கு இரத்தச் சோகை. கருவுற்ற பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகள் கூரையில் செருகியபடியே இருந்தன. மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம். பதவியில் மூத்த சுகாதாரச் செவிலியர் ஒருவர் அவரோடு ஒரு நாள் கூட வந்தார். பேத்தியிடம் பேசவில்லை, பாட்டியிடம் பேசினார். "ஏழு பெத்தவங்களுக்குத் தெரியாததா ஆத்தா? உங்க பேத்தி மாத்திரையை நீங்கதான் கையில் குடுக்கணும். சாப்பாட்டுக்குப் பின்னாடி குடுங்க, எலுமிச்சைத் தண்ணி குடுங்க. டீயோட மட்டும் குடுக்காதீங்க. கறுப்பாப் போனா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அன்றிலிருந்து அந்த வீட்டில் பாட்டிதான் செவிலியர்.

பூப்பறிக்கும் பெண்களைப் பகலில் வீட்டில் தேடிப் பயனில்லை என்பதும் அந்த மூத்தவர் சொல்லித் தெரிந்ததே. விடியுமுன் மல்லிகைத் தோட்டத்துக்கே போனால் கருவுற்றவர்கள் அனைவரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். இப்போது அந்தத் தோழி வாரத்தில் இரண்டு நாள் அப்படித்தான் போகிறார். தேடிச் செல்லும் செவிலித்தாய் இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை.

விலகிய ஒருத்தி

நான்காமவர், வகுப்பிலேயே முதலிடம் பெற்றவர். அக்காவுக்குச் சொட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். வேறோர் ஊரில் சிறிய மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். இரண்டாம் வாரமே தனியாக இரவுப் பணி. மூன்று மாதங்களில் விலகிவிட்டார். இன்று ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். அங்கு சென்றுதான் அவரைச் சந்தித்தேன். கூட்டம் குறைந்த நேரத்தில் மெல்லச் சொன்னார்: "எனக்கு வேலையில பயம் இல்லம்மா. இரத்தத்தைப் பாத்துப் பயம் இல்ல. சந்தேகம் வந்தா கேக்க ஆள் இல்லைங்கிறதுதான் பயம். வீட்டுக்கு வந்தாலும் தூக்கம் வராது. அந்த மாத்திரையைச் சரியாத்தான் குடுத்தோமான்னு படுத்துக்கிட்டே நினைப்பேன்."

மூன்றாண்டுப் படிப்பு, மூன்று மாதப் பணி. திறமையில் குறைந்தவர் அல்லர். உழைப்புக்கு அஞ்சியவரும் அல்லர். மற்ற மூவருக்கும் கிடைத்தது இவருக்குக் கிடைக்கவில்லை. நாடு ஒரு நல்ல செவிலியரை இழந்தது. எந்தக் கணக்கேட்டிலும் இது பதிவாகியிராது.

உலகம் கண்ட உண்மை

இது நம் ஊர்ச் செய்தி மட்டும் அன்று. கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் பள்ளியில் படித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1854ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது 38 பெண்களோடு ஸ்குடாரிக்குச் சென்றதை அறிவோம். அவர் 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அமைத்த பயிற்சிப் பள்ளியைப் பற்றி அவ்வளவாக அறியமாட்டோம். அங்கு பயிற்சி ஓராண்டு. அந்த ஓராண்டும் பயிற்சிப் பெண்கள் வார்டு சிஸ்டரின் கண்பார்வையிலேயே வேலை செய்தார்கள். விளக்கை ஏந்திய அவ்வம்மையார், ஏந்தக் கற்றுக்கொள்பவளுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த மார்லின் கிராமர் என்ற செவிலியப் பேராசிரியை ஒரு நூல் எழுதினார். புதிய செவிலியர் ஏன் தொழிலைவிட்டுப் போகிறார்கள் என்பதே அதன் பொருள். பள்ளியில் கற்ற இலட்சியமும் வார்டில் காணும் நடைமுறையும் மோதும்போது உண்டாகும் கலக்கத்துக்கு 'நடைமுறை அதிர்ச்சி' என்ற பொருளில் அவர் பெயர் வைத்தார். 1984இல் பாட்ரிசியா பென்னர் என்ற அம்மையார், செவிலியர் ஒருவர் புதியவர் என்ற நிலையிலிருந்து வல்லுநர் என்ற நிலைக்கு ஐந்து படிகளில் ஏறுகிறார் என்று எழுதினார். பட்டயம் வாங்கிய அன்று அவர் இரண்டாம் படியில்தான் நிற்கிறார். மீதிப் படிகளை நூல் ஏற்றிவிடாது. அனுபவமும், அனுபவமுள்ளவர்களின் துணையும்தான் ஏற்றும். 

நம் மாவட்டத்துக்கே வருவோம். இளமையில் கணவரை இழந்து, டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரான டாக்டர் சௌந்தரம் அம்மையார், 1947இல் சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளோடு தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் இன்று காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. இரண்டு படுக்கைகளில் தொடங்கியவர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளிப்பதையும் தம் பணியாகக் கொண்டார். கட்டடத்தை எழுப்புவதோடு ஆளையும் உருவாக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டின் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது அவற்றுள் திண்டுக்கல்லும் ஒன்றாயிற்று. கட்டடம் நமக்கு வந்துவிட்டது. ஆளை உருவாக்கும் வேலை அன்றாடம் செய்ய வேண்டியது.

புகழும் ஊதியமும்

மே மாதம் 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாள். அன்று 'வெள்ளுடைத் தேவதைகள்' என்று வாழ்த்துகிறோம். "தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம், அதனாலதான் அந்தப் பேரு" என்று அக்கா சிரித்தாள். அவள் மாதச் சம்பளம் 11,000 ரூபாய். அதில் 4,500 கல்விக் கடனுக்குப் போகிறது.

2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில் இருக்கிறது. நம் மாநிலத்தில் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட செவிலியர் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். 2020இல் கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களுக்கு முதல் ஆண்டே கொள்ளை நோய் ஆண்டாக அமைந்தது. முகமூடிக்குள் வியர்வை வழிய நின்ற அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிக்கப்பட்டது. அவர்கள் தெருவில் இறங்கியபின்தான் மாற்றுப் பணி பற்றிய பேச்சு வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் இன்னும் 58 இலட்சம் செவிலியர் தேவைப்படுகிறார்கள். வெளிநாடுகள் நம் பெண்களை அழைக்கின்றன. ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு போகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. இருப்பதற்கு வழி செய்யாமல், போவதைப் பழிப்பது நேர்மையாகாது.

ஐந்தாம் மாதத்தில் அக்காவும் ஒரு நாள் சொன்னாள், "இனி நான் போகல" என்று. தறியை நிறுத்திவிட்டு அப்பா எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் சொன்னாள்: "வேண்டாம்னா விட்டுரு தாயி. கடனை நாங்க எப்படியாவது அடைச்சுக்கிறோம்." அக்கா இரண்டு மணி நேரம் தூங்கினாள். எழுந்து சீருடையை மாட்டிக்கொண்டு ஏழரை மணிப் பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள். ஏன் மனம் மாறினாள் என்று இப்போதுதான் கேட்டேன். "அன்னைக்கு நைட் பெரிய சிஸ்டர் டூட்டி. நான் போகலன்னா அவங்க தனியா இருப்பாங்க" என்றாள். துணை பெற்றவள் துணையாக மாறிய நாள் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

நாம் செய்யக் கூடியது

ஊதியத்தை உயர்த்தும் அதிகாரம் மாணவர்களாகிய நம்மிடம் இல்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போகாதவர் நம்மில் யாருமில்லை. ஊசி போட வந்த இளம் பெண்ணின் கை நடுங்கினால், "வேற ஆளைக் கூப்பிடு" என்று கத்தாமல் ஒரு நிமிடம் பொறுக்கலாம். சொட்டை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருக்கலாம். நோயாளி வீடு திரும்பும்போது மருத்துவருக்குச் சொல்லும் நன்றியை அவருக்கும் சொல்லலாம்.

மருத்துவமனை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்தவரை முதல் மூன்று மாதமாவது தனியாக இரவுப் பணியில் விடாதீர்கள். ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு மூத்தவரைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள். என் அக்காவின் தோழியருக்குக் கிடைத்த துணை, நல்ல மனம் படைத்த சிலரால் கிடைத்தது. நல்ல மனம் வாய்த்த இடத்தில் மட்டும் கிடைப்பதை எல்லா இடத்திலும் கிடைக்கும் முறையாக்குவதே நிருவாகம் என்பதன் பொருள்.

நம்மில் பலர் வரும் ஆண்டில் இக்கல்லூரியை விட்டு வெளியேறி, அலுவலகத்திலோ பள்ளியிலோ ஆலையிலோ ஒரு முதல் ஆண்டைத் தொடங்கப் போகிறோம். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நம் பக்கத்தில் வேறொருவர் தம் முதல் ஆண்டைத் தொடங்குவார். நம்மைக் கேட்க அவர் தயங்குவார். நாமாகத்தான் போய் நிற்க வேண்டும்.

சென்ற மாதம் அக்காவின் வார்டுக்குப் புதிதாக இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒருத்தி ஒட்டன்சத்திரம், மற்றவள் நத்தம். பெரிய சிஸ்டர் அவர்களில் ஒருத்தியை அக்காவிடம் ஒப்படைத்திருக்கிறாராம். இப்போதெல்லாம் அக்கா பணி முடிந்து அரை மணி நேரம் தாமதமாகத்தான் வீட்டுக்கு வருகிறாள். அம்மா கோபித்துக்கொள்கிறாள். "அந்தப் பிள்ளைக்கு இன்னும் சொட்டுக் கணக்கு பிடிபடலம்மா" என்று சொல்லிக்கொண்டே அக்கா சாப்பிட உட்காருகிறாள்.